ஊர்ப் பெயருக்குப் பதில் ஒரு கோடு

நம் டுடோரியலின் ஆண்டு மலருக்கு என்னுடைய 'செய்தி வாக்கிய முறை'யைப் பற்றி எழுதித் தரும்படி, இப்போது இங்கே பாடம் நடத்தும் உங்களில் இரண்டு பேர் வீட்டுக்கே வந்து கேட்டீர்கள். காபி கொடுத்து, சரி என்று சொல்லி அனுப்பிவிட்டேன். பிறகு எழுத உட்கார்ந்தால் கை ஓடவில்லை.

முறையைப் பற்றி எழுத என்ன இருக்கிறது? காலையில் ஆங்கிலச் செய்தித்தாளிலிருந்து ஒரு வாக்கியத்தை எடுத்துக் கரும்பலகையில் எழுத வேண்டியது. யார் செய்தது, என்ன செய்தது, எது முதன்மையான பகுதி, எது அதில் தொங்குகிற பகுதி என்று பிரித்துப் போட வேண்டியது. அதை நீங்கள் எல்லோரும் என்னைவிட நன்றாகவே செய்கிறீர்கள். நான் எழுத வேண்டியது வேறு. அந்த முறையால் ஒரு நாள் நான் பட்ட வெட்கத்தை எழுத வேண்டும். இது நான் மூடி வைத்திருந்த ரகசியம் ஒன்றும் இல்லை. அன்று வகுப்பில் இருந்த அத்தனை பேரும் பார்த்தார்கள். பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் இருந்தவர்களும் பார்த்தார்கள். புதிதாக வந்திருக்கும் உங்களுக்குத்தான் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். என் மரியாதையைக் காப்பாற்றுவதாக நினைத்து விட்டிருப்பார்கள். அந்த மரியாதை எனக்கு வேண்டாம்.

முதலில் இந்தப் பைத்தியம் எனக்கு எப்படிப் பிடித்தது என்று சொல்லிவிடுகிறேன். எனக்கு ஊர் பொட்டிப்புரம் பக்கம். வீட்டில் கடலையும் சோளமும் தெரியும், இங்கிலீஷ் தெரியாது. அறுபதுகளின் கடைசியில் மதுரையில் பி.ஏ. முடித்துவிட்டு ஓர் ஆபீஸ் வேலைக்கு இன்டர்வியூவுக்குப் போனேன். எதிரே இருந்த அதிகாரி மேசையில் கிடந்த ஆங்கிலப் பேப்பரை என் பக்கம் தள்ளி, ஒரு பத்தியைக் காட்டி வாசிக்கச் சொன்னார். கடகடவென்று வாசித்தேன். "என்ன சொல்றான்?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. ஒவ்வொரு சொல்லுக்கும் தனித்தனியாக அர்த்தம் தெரியும். சேர்த்துப் பார்த்தால் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. அவர் திட்டியிருந்தால்கூடத் தேவலை. பக்கத்து நாற்காலிக்காரரைப் பார்த்துச் சிரித்தார். தேனி வந்து சேரும்வரை பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பிய முகத்தை நான் திருப்பவே இல்லை.

அன்றிலிருந்து ஆங்கிலப் பேப்பரில் நீளமாக ஒரு வாக்கியத்தைப் பார்த்தால் விடமாட்டேன். அதை அக்கக்காகப் பிரித்துப் போட்டால்தான் சோறு இறங்கும். கொஞ்ச காலத்தில் எனக்கு இங்கிலீஷ் வந்துவிட்டது. வந்த பிறகும் அந்த வெறி போகவில்லை. தேனியில் பருத்தி மூட்டை அடுக்கும் கிட்டங்கி ஒன்றின் மாடியில் நம் டுடோரியலை ஆரம்பித்தபோது, அதையே பாடமாக்கினேன். பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷில் கோட்டைவிட்டவர்கள்தான் நம்மிடம் வருவார்கள். வீட்டில் திட்டு வாங்கி, தெருவில் கேலி வாங்கி, தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்து உட்கார்வார்கள். அவர்களைப் பார்த்தால் எனக்கு அந்த இன்டர்வியூ அறைதான் ஞாபகம் வரும். ஒருத்தரையும் யாரும் பார்த்துச் சிரிக்க விடக்கூடாது என்று எனக்குள் ஒரு வீம்பு. ரிசல்ட் நன்றாக வந்தது. போடி, கம்பம், கூடலூரிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்து சேர்ந்தார்கள். ஊரில் என்னைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார்கள். நானும் இறங்கவில்லை.

அந்த நாளில் என்னிடம் ஒரு பழக்கம் இருந்தது. இன்று உங்களில் யாருக்கும் அது இல்லை. ஏன் இல்லை என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

வாக்கியத்தைப் பலகையில் எழுதும்போது ஊர்ப் பெயர், ஆள் பெயர் எதையும் எழுதமாட்டேன். பெயர் வரும் இடத்தில் ஒரு கோடு இழுத்துவிடுவேன். பெயரை எழுதினால் பையன்கள் செய்திக்குள் போய்விடுவார்கள். "சார், இது எங்க மாமா ஊரு பக்கம் சார்" என்று ஒருவன் ஆரம்பிப்பான். இன்னொருவன் அங்கே நடந்த வேறொரு கதையை எடுப்பான். அரைமணி நேரம் போயே போய்விடும். அதனால் கோடு. "செய்தியைப் பார்க்காதே, வாக்கியத்தைப் பார்" என்று முதல் நாளே சொல்லிவிடுவேன். சுவரில் பெரிய எழுத்தில் எழுதிக்கூடப் போட்டிருந்தேன்.

எனக்கும் அதுதான் சட்டம். மதுரையிலிருந்து முதல் பஸ்ஸில் பேப்பர்க் கட்டு வரும். ஒன்றை வாங்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு டீக்கடை பெஞ்சில் உட்கார்வேன். தலைப்பைப் பார்க்கமாட்டேன். படத்தைப் பார்க்கமாட்டேன். பாடத்துக்குத் தோதான வாக்கியமாகத் தேடுவேன். கிடைத்ததும் சட்டைப் பையில் இருக்கும் பிளேடை எடுத்து, அந்த வாக்கியத்தை மட்டும் நறுக்கிப் பையில் போட்டுக்கொள்வேன். மிச்சப் பேப்பர் முழுவதையும் டீக்கடை அண்ணாச்சியிடம் கொடுத்துவிடுவேன். அவர் அதைக் கிழித்து வடை மடித்துக் கொடுப்பார். பேப்பரில் சாறு எனக்கு, சக்கை வடைக்கு என்று நான் கேலியாகச் சொல்வதும் உண்டு. எழுதும்போதே உடம்பு கூசுகிறது.

எழுபதுகளின் நடுவில் ஒரு மழைக்காலத் திங்கட்கிழமை. டீக்கடை பெஞ்சில் நாலைந்து பேர் தமிழ்ப் பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு என்னவோ சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்கு வாக்கியம் ஓடவில்லை. "கொஞ்சம் மெதுவாப் பேசுங்கப்பா" என்றேன். வாத்தியார் என்பதால் அடங்கினார்கள். கொஞ்ச நேரத்தில் உள்பக்கத்தில், மாவட்டச் செய்திகளுக்கு நடுவே, எனக்கு ஓர் அருமையான வாக்கியம் கிடைத்தது. ஆமாம், அருமையான வாக்கியம் என்றுதான் நினைத்தேன். தமிழில் சொன்னால் இப்படி வரும்: மலையிலிருந்து அடிவார ஊருக்கு இறங்கிக்கொண்டிருந்த, தோட்டத் தொழிலாளர்களை ஏற்றிய ஜீப் ஒன்று, மழையில் சறுக்கி வளைவில் உருண்டபோது, அதில் இருந்தவர்களில் ஐந்து பேர் இறந்தனர். ஒரு முதன்மைப் பகுதி, அதில் தொங்குகிற பகுதிகள், எல்லாம் ஒழுங்காக ஒன்றுக்குள் ஒன்றாக இருந்தன. இப்படி ஒன்றைத்தான் ஒரு வாரமாகத் தேடிக்கொண்டிருந்தேன். முற்றுப்புள்ளியோடு சுத்தமாக நறுக்கி எடுத்தேன். மனசுக்குள் அவ்வளவு சந்தோஷம்.

வகுப்பில் வேலுத்தாய் என்று ஒரு பெண் இருந்தாள். இருபது வயது இருக்கும். தேனியை ஒட்டிய அல்லிநகரத்தில் அத்தை வீட்டில் தங்கி நம்மிடம் படித்துக்கொண்டிருந்தாள். மலையிலிருந்து வந்தவள் என்று சேரும்போது யாரோ சொன்னது நினைவிருந்தது. எந்த மலை, வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று நான் கேட்டதில்லை. வாக்கியம் பிரிப்பதில் அவளை அடிக்க ஆள் கிடையாது. அது போதும் எனக்கு. அந்தத் தடவை எப்படியும் தேறிவிடுவாள் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். நர்ஸ் படிப்புக்குப் போக வேண்டும் என்பது அவள் ஆசை.

அன்று கடினமான வாக்கியம் என்பதால் அவளைத்தான் கூப்பிட்டேன். இரண்டு ஊர்ப் பெயருக்கும் இரண்டு கோடு இழுத்திருந்தேன். சாக்பீஸை வாங்கிக்கொண்டு அவள் முதலில் முதன்மைப் பகுதிக்கு அடியில் கோடு போட்டாள். சரி. பிறகு தொங்குகிற பகுதிகளை ஒவ்வொன்றாக அடைப்புக்குள் போட்டாள். அதுவும் சரி. "பாத்தீங்களாடா?" என்று நான் வகுப்பைப் பார்த்துப் பெருமையாகத் தலையை ஆட்டினேன். அவள் இடத்துக்குப் போகாமல் பலகையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"சார், இந்த ஜீப்பு எங்கன கவுந்துச்சு?"

"எங்கன கவுந்தா என்னம்மா? இலக்கணத்துக்கு அது எதுக்கு?" என்றேன். வகுப்பில் இரண்டு பேர் சிரித்தார்கள்.

"இல்ல சார். எந்த ஊருன்னு சொல்லுங்க."

"ஹைவேவிஸ்னு போட்டிருந்தான்" என்றேன், சாவகாசமாக.

மேகமலையைத்தான் எஸ்டேட்காரர்களும் ஆங்கிலப் பேப்பரும் அப்படிச் சொல்வது. சொல்லும்போதுகூட எனக்கு உறைக்கவில்லை. அது எனக்குக் கோடு இழுத்து எழுதாமல் விட்ட ஒரு பெயர், அவ்வளவுதான். வேலுத்தாயின் முகம் போன போக்கைப் பார்த்த பிறகுதான் ஏதோ தவறிவிட்டது என்று புரிந்தது.

"எங்கம்மா அங்கன எஸ்டேட்டு லயத்து வீட்டுலதான் சார் இருக்காக. நேத்து லீவு. ஜீப்புல சின்னமனூருக்கு எறங்கி, பஸ் ஏறி என்னையப் பாக்க வாரேன்னு சொல்லி விட்டிருந்தாக. வரல. மழைக்கு வரலன்னு நெனச்சேன்."

இப்படிப்பட்ட நேரத்தில் கை முதலில் எங்கே போகிறது என்பதை வைத்து ஒரு ஆளைச் சொல்லிவிடலாம். என் கை டஸ்டருக்குப் போனது. அவளுக்கு ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லத் தோன்றவில்லை. பலகையை அழித்துவிட்டால் நடந்தது நடக்காததாகிவிடும் என்பது போலப் பரபரவென்று அழிக்கப் போனேன்.

"அழிக்காதீக சார்" என்றாள். அழுகை இல்லை. மறுபடி முதலிலிருந்து கடைசிவரை அந்த வாக்கியத்தைப் படித்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"அடுத்த வரி என்ன சார்?"

சட்டைப் பையிலிருந்து அந்தக் காகிதத் துண்டை எடுத்தேன். முற்றுப்புள்ளியோடு முடிந்திருந்தது. பின்பக்கம் திருப்பிப் பார்த்தேன். ஏதோ சோப்பு விளம்பரத்தில் பாதி. இவ்வளவு பேருக்கு நடுவில் துண்டுக் காகிதத்தை முன்னும் பின்னும் திருப்பிக்கொண்டு நிற்கிறேன். அடுத்த வரி எனக்குத் தெரியாது. நான் அதைப் படிக்கவே இல்லை. ஐந்து பேர் செத்துப் போன செய்தியில் ஒரு வரியை நறுக்கிக்கொண்டு, மிச்சத்தை வடைக்குக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். இன்டர்வியூ அறையில் என்னைப் பார்த்துச் சிரித்தவரின் கேள்விதான் அப்போது காதில் விழுந்தது. என்ன சொல்கிறான்? இத்தனை வருடம் படித்துப் பாடம் நடத்திய பிறகும் என்னிடம் பதில் இல்லை.

டீக்கடைக்கு ஓடினேன். அவளும் பின்னாலேயே ஓடி வந்தாள். அண்ணாச்சி கல்லாவுக்குப் பக்கத்தில் தேடினார். "மிச்சமா சார்? இங்கனதான கெடந்துச்சு. பாதி வடையோட போயிருச்சே" என்றார். நான் பெஞ்சில் இருந்தவர்களின் கையைப் பார்க்க ஆரம்பித்தேன். எண்ணெய் ஊறிய காகிதங்களை வாங்கி விரித்துப் பார்த்தேன். ஒரு லாரி டிரைவர் பாதி தின்ற வடையை மறு கைக்கு மாற்றிக்கொண்டு காகிதத்தைக் கொடுத்தார். கிரிக்கெட் செய்தி. இன்னொருவர் சட்னி வழிந்ததை உதறிக் கொடுத்தார். சினிமா விளம்பரம். கீழே மிதிபட்டுக் கிடந்ததைக்கூட விடவில்லை.

"என்ன சார் தேடுறீக?" என்றார் அண்ணாச்சி.

"மேகமலை ஜீப் செய்தி."

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "அதுக்கு எதுக்கு சார் இங்கிலீஷ் பேப்பரு? தமிழ்ப் பேப்பர்ல போட்டிருக்கானே. காலையில அதத்தான இவுக எல்லாம் பேசிக்கிட்டு இருந்தாக. நீங்க இந்தப் பெஞ்சுலதான சார் உக்காந்திருந்தீக?"

நான் மெதுவாகப் பேசச் சொன்னது இந்தச் செய்தியைத்தான். நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது. அதற்குள் வேலுத்தாய் பெஞ்சிலிருந்த தமிழ்ப் பேப்பரை எடுத்துவிட்டாள். மூன்று பெண்கள், இரண்டு ஆண்கள் என்று இருந்தது. உடல்களைச் சின்னமனூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள் என்று இருந்தது. பெயர் விவரம் உடனே தெரியவில்லை என்று முடிந்திருந்தது. மூன்று பெண்கள் என்ற இடத்தில் அவள் விரல் நின்றது.

அல்லிநகரத்துக்குப் போய் அவள் அத்தையைக் கூட்டிக்கொண்டு சின்னமனூர் பஸ் ஏறினோம். அத்தைக்கு விஷயத்தைச் சொன்னதும் வாயில் அடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தவர் வீரபாண்டி தாண்டியும் நிறுத்தவில்லை. நடுவில் மூக்கைச் சிந்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஆத்தாடி, எங்களுக்கு ஒண்ணும் தெரியாதே சார். உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுச்சு?"

"பேப்பர்ல பாத்தேம்மா" என்றேன்.

அது பொய் என்று சொல்ல முடியாது. உண்மை என்றும் சொல்ல முடியாது. அத்தை கையெடுத்துக் கும்பிட்டார். "படிச்சவுக படிச்சவுகதான். எங்களுக்கெல்லாம் யாரு சொல்லுவா?" வேலுத்தாய் ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தாள். நான் சொன்னது அவளுக்குக் கேட்டது. முகத்தைத் திருப்பவில்லை. மதுரை பஸ்ஸில் அப்படி முகம் திருப்பிக்கொண்டு வந்தவன் நான். அந்த முகத்தில் என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

ஆஸ்பத்திரி வாசலில் கூட்டமாக இருந்தது. மழை விட்டிருந்தது. மலையிலிருந்து இறங்கி வந்த ஜனங்கள் வேப்பமரத்தடியில் சேறும் சகதியுமாக உட்கார்ந்திருந்தார்கள். வேலுத்தாய் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே போனாள். மரத்துக்குப் பின்பக்கம் போனவள், "யம்மா!" என்று கத்தினாள். போய்ப் பார்த்தால், அவள் அம்மா உட்கார்ந்திருக்கிறார். உயிரோடு. சேலையெல்லாம் சேறு. உடம்பில் ஒரு கீறல் இல்லை. மகளை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்.

அப்போது நான் என்ன செய்தேன் தெரியுமா? சந்தோஷப்பட்டேன். அந்தப் பெண்ணுக்காகச் சந்தோஷப்பட்டேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும். எனக்காகத்தான் சந்தோஷப்பட்டேன். தப்பித்தேன் என்று நினைத்தேன். சிரித்த முகத்தோடு, அத்தனை பேருக்கும் கேட்கிறாற்போல, "நல்லவேளை! ஒண்ணும் ஆகலையே. அழாதம்மா வேலுத்தாயி, அதான் ஒண்ணும் ஆகலையே" என்றேன்.

மரத்தடியில் இருந்தவர்கள் எல்லோரும் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்கள். அவள் அம்மாவுக்கு நான் சொன்னது விளங்கவில்லை. நிஜமாகவே விளங்காமல்தான் கேட்டார்.

"ஒண்ணும் ஆகலயா சார்?"

பிறகு மகள் பக்கம் திரும்பி, யார் யார் என்று சொன்னார். "நம்ம ராக்கம்மா போயிட்டா. அவ மருமக பாண்டீசுவரியும் போயிட்டா. மேட்டு லயத்துச் சடையாண்டி. தண்ணி எடுக்க உங்கூட வருவாள்ல, அந்தப் பேச்சி. வண்டி ஓட்டுன மொக்கையனும் போயிட்டான். எடம் இல்லன்னு என்னைய எறக்கி விட்டாகடி. அடுத்த வண்டில வாரேன்னு ராக்கம்மாட்ட சொன்னேன்."

ஒவ்வொரு பெயருக்கும் வேலுத்தாய் தலையில் அடித்துக்கொண்டாள். அதுவரை அழாதவள் அப்போதுதான் வெடித்து அழுதாள். அந்த வாக்கியத்தில் ஐந்து என்று ஒற்றைச் சொல்லாக இருந்தவர்கள், ஐந்து பேரும் அவளுக்கு வேண்டியவர்கள். அம்மா கொழுந்து பறிக்கப் போகும்போது ராக்கம்மா வீட்டில்தான் அவள் வளர்ந்தாளாம். பிற்பாடு தெரிந்துகொண்டேன். காலையில் அந்த ஐந்துக்கு அடியில் அவளைக் கொண்டே கோடு போட வைத்தேன். மத்தியானம் அவர்கள் உடலை வைத்திருந்த வாசலில் நின்று, ஒன்றும் ஆகவில்லை என்று சிரித்தேன். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

அதோடு முடியவில்லை. அத்தை முன்னால் வந்து, "மதினி, சார்தான் பேப்பர்ல பாத்துப் பதறிப் போயி, வகுப்ப விட்டுட்டு, புள்ளையக் கையோட கூட்டியாந்தாக" என்றார். அந்தத் தாய் எழுந்து வந்து என் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"தனியா இருந்து பரிதவிச்சுப் போயிருப்பா சார். பெத்த தகப்பன் மாதிரி கூட்டிட்டு வந்தீக. உங்க புள்ளகுட்டியெல்லாம் நல்லா இருக்கணும்."

அவர் கையில் இருந்த சேறு என் கையில் ஒட்டியது. நான் வேலுத்தாயைப் பார்த்தேன். அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும். கோடு போட்டதை, இலக்கணத்துக்கு எதுக்கு என்று நான் கேட்டதை, டஸ்டரை எடுத்ததை, எதை வேண்டுமானாலும் சொல்லலாம். அவள் என்னைப் பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டாள். சொல்லவில்லை. நானாவது சொல்லியிருக்க வேண்டும். "இல்லம்மா, நடந்தது வேற" என்று தொண்டைவரை வந்தது. நன்றியை வாங்கிக்கொண்டு பஸ் ஏறி வந்துவிட்டேன். திட்டு வாங்கியது, கேலி வாங்கியது எல்லாம் எனக்கு எப்போதோ மறந்துவிட்டது. வாங்கத் தகுதியில்லாத அந்த நன்றி மட்டும் இன்னும் உறுத்துகிறது.

மறுநாள் சாக்பீஸை எடுத்தேன். எழுத வரவில்லை. சுவரில் எழுதியிருந்ததை ஆள் வைத்துச் சுண்ணாம்பு அடித்து மறைத்தேன். பேப்பர் வாங்குவதை விட்டேன். இனிமேல் பாடப் புத்தகம் போதும் என்று வகுப்பில் சொன்னேன். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. ஆனால் பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தது. புத்தகத்தை வாசித்துக் காட்டினால் பாதிப் பேர் தூங்கினார்கள். முன்பு துள்ளிக்கொண்டு பதில் சொன்னவர்கள் பழையபடி தலையைத் தொங்கப் போட ஆரம்பித்தார்கள். என் வெட்கத்துக்காக அவர்களை மறுபடி தோற்க விடுகிறேன் என்று தெரிந்தது. தெரிந்தும் பேப்பரைத் தொட முடியவில்லை. டீக்கடைப் பக்கமே போகாமல் சுற்றிக்கொண்டு வந்தேன்.

காரியமெல்லாம் முடிந்து வேலுத்தாய் வந்தாள். அவள் திரும்பி வருவாள் என்று நான் நினைக்கவில்லை. வழக்கமான இடத்தில் உட்கார்ந்தாள். நான் புத்தகத்தைத் திறந்து ஏதோ நடத்தினேன். அவள் முகத்தைப் பார்க்காமலே நடத்தினேன். வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு அவள் மட்டும் நின்றாள்.

"பலகையில வாக்கியம் எழுதலையா சார்?"

"நிறுத்திட்டேம்மா."

"எதுக்கு?"

எதற்கென்று அவளிடமா சொல்வேன்? "அன்னைக்கு உங்கம்மாகிட்ட நீ ஏன் ஒண்ணும் சொல்லல?" என்று மட்டும் கேட்டுவிட்டேன்.

"எங்கம்மா அன்னைக்கு அஞ்சு பேரப் பறிகொடுத்துட்டு நின்னாக சார். வாத்தியாரு கூட்டிட்டு வந்தாருன்னு அந்த ஒரு ஆறுதல் இருந்துச்சு. அதையும் எதுக்குப் பறிக்கணும்?" பிறகு சொன்னாள்: "உங்களுக்காகச் சொல்லாம இருக்கல."

நான் தலையாட்டினேன். அது எனக்குக் கிடைக்க வேண்டியதுதான்.

"எனக்கு இந்தத் தடவை பாஸாகணும் சார். புஸ்தகத்த வச்சு நடத்துனா ஆக மாட்டேன். நாளைக்கு எழுதுங்க. கோடு போடாம எழுதுங்க."

அவள் தேறினாள், நர்ஸ் ஆனாள் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். நம் டுடோரியல் விழாவுக்கு வந்து உங்களோடு போட்டோவும் எடுத்துக்கொண்டாள். அதை வைத்து என்னைப் பாராட்ட வேண்டாம். உங்களுக்கு நான் சொல்ல நினைப்பது மறுநாள் காலையைப் பற்றி மட்டும்தான்.

மறுநாள் முதல் பஸ்ஸுக்குப் போனேன். அண்ணாச்சி ஒன்றும் கேட்காமல் டீயைக் கொடுத்தார். பேப்பரை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை படித்தேன். பிளேடை எடுக்கவில்லை. பேப்பரை முழுதாக மடித்து வகுப்புக்குக் கொண்டுபோனேன். பம்பாயில் ஒரு துணி மில்லை மூடிவிட்டதாக ஒரு செய்தி. நம் ஊருக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இருக்காது என்று தைரியமாக எடுத்திருந்தேன். கை பழக்கத்தில் பெயர் வரும் இடத்தில் நின்றது. வேலுத்தாய் பார்த்துக்கொண்டிருந்தாள். ஊர்ப் பெயரை எழுதினேன். அடுத்த வரியையும் எழுதினேன். எழுதி முடித்துத் திரும்பி, எப்படிக் கேட்பது என்று தெரியாமல், பாடத்தைக் கேட்பது போலவே கேட்டேன்.

"இந்த ஊர்ல உங்கள்ல யாருக்காவது ஆள் இருக்கா?"

வகுப்பு முழித்தது. இப்படி ஒரு கேள்வியை என்னிடமிருந்து அவர்கள் கேட்டதே இல்லை. சரி, ஆரம்பிக்கலாம் என்று சாக்பீஸைத் தூக்கினேன். கடைசி பெஞ்சில், சேர்ந்த நாளிலிருந்து வாயே திறக்காத ஒரு பையன் தயங்கித் தயங்கிக் கையைத் தூக்கினான்.

"எங்க சித்தப்பா இருக்காக சார். மில்லுலதான்."

நான் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு, அவர் எப்படி இருக்கிறார் என்று கேட்டேன்.